தரமும் தரமிலியும்: ஒரு அ-பதிவேட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

பெரியப்பாவுக்கு நோட்டீஸ் வந்தபோது அவருடைய ஒண்ணே முக்கால் ஏக்கர் புஞ்சை அதில் வெறும் எண்களாக இருந்தது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு இவையெல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். அவரை உறுத்தியது வேறு இரண்டு கட்டங்கள். ‘மண் வயனமும் ரகமும்’ என்ற தலைப்பின் கீழ் 8-3. ‘மண் தரம்’ என்ற தலைப்பின் கீழ் 6. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கமாகப் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. தொழிற்பேட்டைக்காக எடுக்கப்போகிற நிலங்களில் இதுவும் ஒன்று. ‘ஆறாந்தரமா? டேய், எவன்டா வந்து பாத்தான் இத்த? எங்கப்பன் காலத்துலேர்ந்து கடலை போட்டு எடுக்கறோம். இது ஆறாந்தரம்னா மொதல் தரம் எங்கடா கீது?’ என்று என்னைக் கேட்டார், ஏதோ நான்தான் போட்டுவிட்டு வந்தது போல.

விசாரணை நாளன்று பக்கத்து நிலத்தின் கிரயப் பத்திர நகலை எடுத்துக்கொண்டு போனோம். நல்ல விலைக்குப் போயிருந்த நிலம். ‘அது வேற தரம், ஒப்பிட முடியாது’ என்று இரண்டு நிமிஷத்தில் தள்ளிவிட்டார்கள். நடுவில் ஒரு வரப்புதான். அந்தப்பக்கம் நாலு, இந்தப்பக்கம் ஆறு. நஷ்ட ஈட்டுக்கு ஒத்த மண்ணும் ஒத்த தரமும் கொண்ட நிலத்தின் விற்பனையைத்தான் ஆதாரமாகக் கொள்வது என்பது நில எடுப்பில் ஊறிப்போன வழக்கம். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்படித்தான் பார்த்தார்கள். தொழில் தேவைக்கென்று தமிழ்நாடு 1997இல் தனிச்சட்டம் இயற்றிய பிறகும் அந்தக் கண் மாறிவிடவில்லை.

இந்தக் கட்டுரை அந்த நஷ்ட ஈட்டைப் பற்றியதல்ல. அது வழக்காகி, பெரியப்பா போன பிறகும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு இருப்பது வேறொரு கேள்வி. அந்த ‘6’ எப்படிப்பட்ட எண்? ஒண்ணே முக்கால் ஏக்கர் என்பதில் உள்ள எண்ணும் இந்த ஆறும் ஒரே ஜாதிதானா? பரப்பை யார் சங்கிலி போட்டு அளந்தாலும் ஏறத்தாழ அதே விடைதான் வரும். தரத்தை யாரும் அளக்கவில்லை. யாரோ ஒருவர் வந்து, பார்த்து, ‘சுமார்’ என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்பு ஒரு சொல்லாகி, சொல் எண்ணாகி, எண் பணமாகிவிட்டது.

சொல்லை எண்ணாக்கும் இந்த வேலைக்கு நம் ஜில்லாவில் நீண்ட வரலாறு உண்டு. 1997 ஜனவரியில் திருவள்ளூர் தனி மாவட்டமாவதற்கு முன் இதெல்லாம் செங்கல்பட்டு. சென்னை மாகாணத்தில் செட்டில்மெண்டுக்கு என்று தனித்துறை வந்தது 1858இல். அந்தத் துறை மண்ணை வகைப்படுத்திய முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரியப்பாவின் ஆறு அங்கேதான் பிறந்தது.

முதலில் மண் எந்த இனம் என்று பார்ப்பார்கள். கரிசலா, செவ்வலா, மணலா. இது வெறும் பெயர். கரிசலுக்கும் செவ்வலுக்கும் இடையே மேல்கீழ் எதுவும் அதுவரை இல்லை. பிறகு அதற்குள் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கையில் தேய்த்துப் பார்த்து ஓர் ஊகம். அதற்கும் பிறகுதான் ‘ரகம்’. மிக நல்லது, நல்லது, சாதாரணம், மட்டம், மிக மட்டம் என்று ஐந்து படி. 8-3 என்பதில் பின்னால் நிற்கும் 3 இந்தப் படிதான்: சாதாரணம். ‘ரகம்’ என்ற சொல் நமக்கு உருது வழியாக வந்தது. அதன் மூலமான ‘ரக்கம்’ என்பதற்கு எழுதப்பட்ட இலக்கம் என்று ஒரு பொருள் உண்டு. ‘சுமார்’ என்பதும் அப்படித்தான்; பாரசீகத்தில் ‘ஷுமார்’ என்றால் எண்ணிக்கை. கணக்கைக் குறித்த சொல் நம்மிடம் வந்து ‘அவ்வளவு நல்லாவும் இல்லை, மோசமும் இல்லை’ என்று ஆகியிருக்கிறது. வருவாய்த்துறைக்காரர்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனார்கள். ‘சுமார்’ என்ற அபிப்பிராயத்தைத் திரும்பவும் கணக்காக்கினார்கள்.

எப்படி? ஒவ்வொரு ரகத்துக்கும் ஏக்கருக்கு இவ்வளவு தானியம் என்று ஒரு மதிப்பு வைத்தார்கள். அதற்காகச் சில வயல்களில் அறுத்து அளந்தும் பார்த்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. தானியத்தை இருபது வருஷத்து விலைச் சராசரியால் பெருக்கினார்கள். பஞ்ச வருஷங்களின் விலையை மட்டும் தள்ளிவிட்டு எடுத்த சராசரி. (பஞ்சத்தில் விலை ஏறும் என்பதால் இது குடியானவனுக்குச் சாதகமான கழிவுதான், நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.) அதில் வண்டிக்கூலி, வியாபாரி லாபம், சாகுபடிச் செலவு, பருவம் பொய்ப்பதற்கு ஒரு பங்கு எல்லாம் கழித்து, மிஞ்சியதில் பாதி சர்க்காருக்கு. நிகரத்தில் பாதி என்பது 1864 வாக்கில் லண்டனிலிருந்து வந்த விதி. கடைசியாக, ஏறத்தாழ ஒரே தொகை வருகிற ரகங்களை ஒன்றாகச் சேர்த்து ‘தரம்’ என்று வரிசை எண் கொடுத்தார்கள். ஊர்களையும் நீர்ப்பாசனம், சந்தை, பாதை ஆகியவற்றைப் பார்த்துத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஆகவே ஒரே மண் ஓர் ஊரில் ஒரு தரமாகவும் இன்னோர் ஊரில் வேறு தரமாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரி. கூட்டல் கழித்தலில் பிழை காணமுடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், வெயிலில் நின்று ஒரு பிடி மண்ணை விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்த ஒரு மனிதரின் ‘சாதாரணம்’ என்கிற ஒரு சொல்தான் கிடக்கிறது. மேலே அடுக்கப்படுகிற ஒவ்வொரு பெருக்கலும் அந்தச் சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குத் தள்ளுகிறது. அணா, பைசா வரை துல்லியமாக வந்து நிற்கும் தீர்வையைப் பார்க்கிற எவனுக்கும் இது அபிப்பிராயம் என்று தோன்றாது. அதிகாரம் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் இயங்கும் இடம் இது என்று எனக்குப் படுகிறது.

மறுசெட்டில்மெண்ட் என்பது 1930களோடு கைவிடப்பட்டது. 1980இல் கர்ணம் பதவி ஒழிந்தது. ஏக்கர் ஹெக்டேராயிற்று. பதிவேடு கணினிக்குப் போயிற்று. இத்தனைக்கும் நடுவில் அந்தச் ‘சாதாரணம்’ மட்டும் அசையவில்லை. மண் அப்படியே இருந்துவிட்டதா என்ன? கிணறு வெட்டினார்கள், எரு அடித்தார்கள், போர் போட்டார்கள், பிறகு கிணற்றில் உப்புக் கரித்தது. இதில் எதுவும் 8-3ஐத் தொடவில்லை.

*

தரவரிசை எண்ணின் குணம் என்ன என்ற கேள்வி மண்ணை முன்னிட்டு எழவில்லை. உளவியலில் எழுந்தது. ஒலியின் உரப்பையும் ஒளியின் பிரகாசத்தையும் மனிதன் உணர்கிறானே, அந்த உணர்வை அளக்கமுடியுமா என்று விசாரிக்க 1932இல் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஒரு கமிட்டி போட்டது. பௌதிகக்காரர்களும் உளவியல்காரர்களும் எட்டு வருஷம் சண்டை போட்டு 1940இல் உடன்பாடில்லாமலே கலைந்தார்கள். அந்தச் சண்டைக்குப் பதிலாகத்தான் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அளவுகோல்கள் நாலு வகை என்றார். பஸ் நம்பர் மாதிரி வெறும் பெயராக நிற்பது. முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரிசையை மட்டும் சொல்வது. வெப்பமானி மாதிரி இடைவெளிகள் சமமாக இருப்பது. முழம் போட்டு அளக்கிற நீளம் மாதிரி பூஜ்யத்துக்கும் உண்மையான அர்த்தம் இருப்பது.

இரண்டாவது வகைதான் நம் விவகாரம். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவனுக்கும் இரண்டாவதாக வந்தவனுக்கும் இடையே ஒரு விரற்கடை இருக்கலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே அரை மைதானம் இருக்கலாம். ‘1, 2, 3’ இதைச் சொல்லாது. எனவே கறாராகப் பார்த்தால் வரிசை எண்களைக் கூட்டுவதும் சராசரி எடுப்பதும் செல்லாது என்பது ஸ்டீவன்ஸின் வாதம். ‘நல்லது’ என்பதையும் ‘மட்டம்’ என்பதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ‘சாதாரணம்’ வருமா? சொல்லாக வைத்துக்கொண்டு செய்துபாருங்கள், சிரிப்பு வரும். எண்ணாக்கிவிட்டுச் செய்தால் யாரும் சிரிப்பதில்லை.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஃபிரெடரிக் லார்ட் என்ற உளவியல் அளவைக்காரர் 1953இல் கால்பந்தாட்டச் சட்டை எண்களை வைத்து ஒரு கிண்டல் கதை எழுதினார். தான் எங்கிருந்து வந்தோம் என்பது எண்ணுக்குத் தெரியாது, கூட்டினால் கூடும், வகுத்தால் வகுபடும் என்பது அதன் சாரம். வாஸ்தவம்தான். எண்ணுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியுமே.

ஸ்டீவன்ஸுக்குப் பதினாலு வருஷம் முன்பே, 1932இல், ரென்சிஸ் லிக்கர்ட் ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முழுக்க மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து கட்டங்களை உலகத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இன்றைக்குத் தொண்டு நிறுவனமும் சோப்புக் கம்பெனியும் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரும் ஒரே படிவத்தோடு வாசலில் வந்து நிற்பதற்கு அவர்தான் மூலவர். அந்தப் படிவத்தை நானும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

*

தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் காற்று, தண்ணீர், மண் பற்றி மக்கள் அபிப்பிராயத்தைத் திரட்டவேண்டும் என்று நண்பர்கள் சிலர் இறங்கினார்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்க ‘டேட்டா’ வேணும் என்பது வாதம். படிவம் தயாராகி வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். எனக்குக் கிடைத்த தெருவில் ஓர் ஆயா, எழுபது தாண்டியிருக்கும், திண்ணையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தது.

‘ஆயா, உங்க மண்ணு எப்பிடி? ரொம்ப நல்லதா, நல்லதா, சுமாரா, மட்டமா, ரொம்ப மட்டமா?’

‘எதுக்குக் கேக்கற? நெல்லுக்கா, கேவுருக்கா, கடலைக்கா?’

‘பொதுவா ஆயா.’

‘பொதுவா இன்னாத்தப்பா மண்ணு? மணலு நெல்லுக்கு ஆவாது. கடலைக்கு அதான் தங்கம். அதும் மழ பேஞ்ச வருசத்துக்குக் கேக்கறியா, பேயாத வருசத்துக்கா?’

நான் ஸ்டீவன்ஸைப் படித்திருந்தேன். சராசரி எடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிழவி அதற்கு முந்தின படியையே உருவிவிட்டது. வரிசை எண்களைக் கூட்டலாமா என்று கேட்பதற்கு முன்னால், வரிசை ஒன்று இருக்கிறதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. களர், உவர், சவுடு, வண்டல், செவ்வல் என்று குடியானவர்களிடம் மண்ணுக்கு ஏகப்பட்ட பெயர்கள். அவற்றை ஒரே ஏணியில் ஏற்றமுடியாது. நெல்லின் ஏணியில் மேலே இருப்பது கடலையின் ஏணியில் கீழே இருக்கும். செட்டில்மெண்ட் செய்தது, பல ஏணிகளில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை எடுத்துப்போட்டதுதான். அந்த ஓர் ஏணி சர்க்காருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு ரூபாய் என்பது. பெரியப்பாவின் நிலம் அந்த ஏணியில் ஆறாம் படி. ‘எதற்கு?’ என்ற ஆயாவின் கேள்விக்கு அ-பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பதினாலாவது கேள்வி காற்றில் வாடை பற்றியது. எதிர்வீட்டுப் பையன் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை. படிவத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ‘சுமார்னு போடுங்க சார்’ என்றான். நானும் மூன்றாம் கட்டத்தில் போட்டேன். அந்த மூன்று ஓர் அபிப்பிராயமா? அவன் வேலையா? பயமா? நடுக்கட்டம் ஒரு மறைவிடம். ‘எனக்குத் தெரியாது’, ‘உங்ககிட்ட சொல்லமாட்டேன்’, ‘சொன்னா இன்னா ஆவப்போவுது’, ‘நிஜமாகவே நடுத்தரம்’ எல்லாம் அங்கே போய்க் குந்திக்கொள்கின்றன. இதற்குமேல் நாம் சராசரியும் எடுத்தால் என்ன ஆகும் பாருங்கள். ஒரு தெருவில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ‘ரொம்ப மோசம்’ என்று 5 போடுகிறார்கள், ஐந்து பேர் ‘ஒண்ணுமில்லை’ என்று 1 போடுகிறார்கள். சராசரி 3. ‘மக்கள் காற்றைச் சுமார் என்று கருதுகிறார்கள்’ என்று அறிக்கை வரும். பத்துப் பேரில் ஒருத்தர்கூடச் சொல்லாத விஷயம் அது. தெரு இரண்டாகப் பிளந்து கிடப்பதுதான் உண்மையான செய்தி. சராசரி அந்தப் பிளவைப் பூசி மெழுகிவிடுகிறது.

*

நம் சிறுபத்திரிகைச் சூழலில் இந்த இடத்துக்கு வந்ததும் ‘காலனியம்’ என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு எழுந்துபோவது வழக்கமாகிவிட்டது. தரம் என்ற சொல்லே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளில் நிலம் பல தரங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நீலகண்ட சாஸ்திரியும் நொபொரு கராஷிமாவும் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறிய பின்னம்வரை நிலம் கணக்கிடப்பட்டிருக்கிறது. எந்த உழவனும் அந்தத் துண்டில் ஒரு நாற்றுகூட நட்டிருக்க முடியாது. துல்லியத்தைக் காட்டி மலைக்கவைப்பது ராஜராஜன் காலத்திலேயே தெரிந்த வித்தைதான்.

செங்கல்பட்டு விஷயத்தில் இன்னொரு கட்சியும் இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் எடுத்த ஜாகீர் சர்வேயை வைத்து, அதற்குமுன் இங்கே வளமான, இணக்கமான ஊர்ச் சமுதாயம் இருந்தது என்று தரம்பாலும் அவர் வழி வந்தவர்களும் காட்டினார்கள். அந்தக் கணக்குகளின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் களத்து மேட்டில் நெல் அளக்கும் முன்னும் பின்னும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதே கணக்குகள் சொல்கின்றனவே, அந்தப் பங்கின் வரிசையும் ஒரு தரவரிசைதானே? வெட்டியானின் கைப்பிடியையும் மிராசுதாரின் பங்கையும் ஒரே ‘இணக்க’த்தில் அடக்கிவிட முடியாது. யூஜின் இர்ஷிக் 1994இல் வெளிவந்த தன் நூலில், இதே ஜில்லாவை எடுத்துக்கொண்டு, காலனிய அறிவு என்பது வெள்ளை அதிகாரியும் உள்ளூர்க்காரர்களும் பேசிப்பேசி உண்டாக்கியது என்கிறார். எனக்கு இது ஓரளவு சரியாகப் படுகிறது. தரம் போட வந்தவருக்கு எந்த வயல் எந்த ரகம் என்று கூடவே நடந்து காட்டியவர்கள் யார் என்று யோசித்தால் போதும். ஆனால் அந்த உரையாடலில் பேசியவர்கள் யார், வரப்புக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்று இர்ஷிக் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

சோழர் கல்வெட்டுகளில் வரும் ஒரு சொல் என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது: ‘தரமிலி’. தரம் போடப்படாத நிலம். மட்டமான நிலம் என்று இதற்குப் பொருளில்லை; ஏணியில் இன்னும் ஏற்றப்படாத நிலம் என்றுதான் பொருள். ஆனால் ஏணி ஒன்று நிறுத்தப்பட்டுவிட்டால் அதில் ஏறாதது எல்லாம் அதன் கடைசிப் படிக்கும் கீழே இருப்பதாகக் கண் பழகிவிடுகிறது. ரயத்துவாரியில் அந்த இடத்துக்கு வந்தது ‘புறம்போக்கு’. ஏரி, மேய்க்கால், களம், சுடுகாடு, ஓடை. யாருக்கும் தனியாக இல்லை, எல்லாருக்கும் உண்டு, அதனால் தீர்வை இல்லை. தீர்வைக் கட்டத்தில் பூஜ்யம். சென்னைத் தமிழில் அது வசவாகவே ஆகிவிட்டது. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தை வைத்து வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அந்த வசவைத் திருப்பிப்போட முயன்றது.

தீர்வை பூஜ்யம் என்றால் அந்த நிலத்துக்கு மதிப்பில்லை என்று பதிவேடு எந்த இடத்திலும் சொல்லவில்லை. அளக்கவில்லை என்றுதான் சொல்கிறது. தொழிற்பேட்டைகள் வரும்போது முதலில் கைவைக்கப்படுவது இந்தப் பூஜ்யங்கள்மீதுதான் என்பது கூட்டங்களுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மனிதர்கள் விஷயத்திலும் இதே கதை. செங்கல்பட்டு கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, தரிசு நிலம்கூடப் பறையர்களுக்குக் கிடைக்கவிடாமல் மிராசுதாரர்களின் முன்னுரிமை எப்படி மறித்து நின்றது என்பதைச் சொல்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பரில் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. யாரும் கேட்காத நிலம், தரிசு, ஏணியின் அடிமட்டம். அதுவும் பிறகு நிபந்தனைகளை மீறிக் கைமாறிப்போனது. சென்னை நகரம் தெற்கே நகர்ந்ததும் அந்த ‘மட்ட’ நிலம் மனை ஆனது. காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். தரிசு என்று பதிவேடு எழுதிய ஒரு நிலத்துக்காக.

*

இப்போது மண்ணின் ஏணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஏணி நிற்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. தொழிற்சாலைகளை மாசின் தீவிரத்தைப் பொறுத்து நிறம் பிரிப்பது 1989இல் டூன் பள்ளத்தாக்கு அறிவிக்கையோடு தொடங்கியது. 2016இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அதற்கு எண் கொடுத்தது: காற்றுக்கு 40, தண்ணீருக்கு 40, அபாயக் கழிவுக்கு 20, மொத்தம் நூறு. அறுபதும் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, இருபதுக்குள் வெள்ளை. 2025இல் இதையும் திருத்தினார்கள். நீலம் என்று ஒன்று சேர்ந்தது, எல்லைக்கோடுகளும் நகர்ந்தன. கோட்டுக்கு இந்தப்பக்கம் 59, அந்தப்பக்கம் 60. மறுபடியும் வரப்பு.

இதைவிட முக்கியமானது 2009இல் வந்த ஒட்டுமொத்த மாசுக் குறியீடு. இந்தியாவில் 88 தொழில் வட்டாரங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். 70க்கு மேல் போனால் ‘கடுமையாக மாசுபட்டது’. அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலிக்கு 76.32. அந்த இரண்டு தசமத்தைப் பாருங்கள். அதன் அடியில் இருந்தவற்றில் பல ‘பெரியது, நடுத்தரம், சிறியது’ என்ற மாதிரியான சொற்கள்தான். சொல்லுக்கு எண் கொடுத்து, எண்ணைப் பெருக்கிக் கூட்டினால் தசமம் தானாக வரும். வேலியின் ஐயாயிரம் கோடிப் பங்கு மாதிரி.

அதில் ஓர் உறுப்பு மக்கள்மீதான பாதிப்புக்குச் சான்று உண்டா என்பது. மூன்று படி: நம்பத்தகுந்த சான்று இல்லை, நோய் அறிகுறிகளுக்குச் சான்று உண்டு, உயிரிழப்பு அல்லது அதற்கு இட்டுச்செல்லும் நோய்க்குச் சான்று உண்டு. முதல் படிக்குப் பூஜ்யம். யோசித்துப் பாருங்கள்: பாதிப்பு இல்லை என்று ஆராய்ந்து கண்டறிந்த ஊருக்கும் பூஜ்யம், யாருமே போய்ப் பார்க்காத ஊருக்கும் பூஜ்யம். பதிவேடு வைக்கிற ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் நகரம் ஏணியில் ஏறும். கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் கிராமம் ஏறாது. தரமிலி கடைசித் தரமாக இறங்கிப்போகும் அதே திருகல் இங்கேயும் இருக்கிறது, இந்தத் தடவை ‘சுத்தமான ஊர்’ என்ற நல்ல பெயரோடு.

இதையெல்லாம் சொல்வதால் மதிப்பெண்ணே கூடாது என்று நான் வாதாடவில்லை. மணலிக்காரர்களுக்கு அந்த 76.32 ஒரு பிடிமானமாக இருந்தது. அதைக் காட்டித்தான் பல மேடைகளில் பேசமுடிந்தது. நாம் எண்ணை உதறிவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் எண் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் வரிசை எண்ணை வரிசை எண்ணாகவே கையாள வழிகள் இருக்கின்றன. சராசரிக்குப் பதில் இடைநிலையைச் சொல்லலாம். அதைவிட நல்லது, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்று அப்படியே பரப்பி வைப்பது. ‘மோசம்’ என்கிற படியோ அதற்கும் மேலோ சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கோடு கிழித்து எண்ணலாம். படிகளின் இடைவெளி எவ்வளவு என்று கற்பனை செய்யவேண்டிய அவசியமே அதில் இல்லை. இரண்டு தெருக்களை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொருவர் பதிலையும் மற்றத் தெருவின் ஒவ்வொருவர் பதிலோடும் வைத்து யார் மேலே என்று மட்டும் பார்க்கும் முறைகளை வில்காக்ஸன் 1945லும் மான், விட்னி 1947லும் கொடுத்திருக்கிறார்கள். பீட்டர் மெக்கல்லா 1980இல் இதற்கென்றே முழு மாதிரியை அமைத்தார். எண்பது வருஷ விஷயம். நம் அறிக்கைகளில்தான் இன்னும் ‘சராசரி 3.4’ ஓடிக்கொண்டிருக்கிறது. காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகப் போடாமல் காலி என்றே எழுதி, அது எந்தத் தெருவில் அதிகம் என்று பார்ப்பதற்கு எந்த நிபுணரும் வேண்டாம்.

இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயாவிடம் பதினாலாவது கேள்வியைக் கேட்டபோது, ‘பகல்ல வந்து கேட்டா இன்னா சொல்றது? பகல்ல கடக்காத்து அடிக்கும், ஒண்ணும் தெரியாது. ராவுல மேக்காத்து திரும்பும் பாரு, அப்ப வந்து குந்து’ என்று சொன்னது. ஊர் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. பகலில் கடலிலிருந்து காற்று, இரவில் தரையிலிருந்து காற்று. அது சொன்னது பௌதிகப்படி மிகச் சரி. ஐந்து கட்டத்தில் எதில் போடுவது என்று தெரியாமல் அதன் வார்த்தைகளை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலையும் எனக்கே வந்தது. ஓரக்குறிப்புக்கு அதில் இடமில்லை. இரவு பதினோரு மணி, இன்னும் நாற்பது படிவம் பாக்கி. ஆயாவின் வரிசையில் பதினாலாவது பத்தியில் 0 என்று அடித்துவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தேன்.